கண்டி மலையின் பட்டையும் வேரும்

கண்டி மாநகரைச் சூழ்ந்து நிற்கும் மலைகளை நினைப்பவர் எவரும் முதலில் தேயிலையையே நினைப்பர். சரித்திரம் சற்றே அறிந்தவர், தேயிலைக்கு முன் அங்கே கோப்பி விளைந்ததையும் சேர்த்துச் சொல்வர். கோப்பி மாண்டதற்கும் தேயிலை தழைத்ததற்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளில் அம்மலைகளை வேறொரு மரம் ஆண்டது என்பதைச் சொல்வோர் சிலரே. அது சிங்கோனா மரம். தமிழ் மக்கள் கொயினா மரம் என்று வழங்கிய மரம். காய்ச்சலுக்கு மருந்தாகும் என்று நடப்பட்ட அம்மரத்தின் பட்டைக்குள்ளே, தாளம் தவறிய இருதயத்தைத் தாளத்துக்குக் கொண்டுவரும் பொருள் ஒன்றும் ஒளிந்திருந்தது. இலங்கையின் காடுகளில் எவரும் நடாமலே முளைத்த ஒரு சிறு செடியின் வேருக்குள்ளோ, மிகுந்து எழும் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் பொருள் இருந்தது. பட்டையும் வேரும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நாடுகளில் ஆராயப்பட்டன. அவை நாடிச் சென்ற இரு நோய்களும் தாயும் சேயும் போன்றவை என்னும் உண்மை தெளிவாக நெடுங்காலம் சென்றது. அந்தச் சரித்திரமே இங்கே கூறப்படுவது.

இருதயம் நான்கு அறைகளை உடையது. மேலே இரண்டு அறைகள் இரத்தத்தை ஏற்கின்றன. கீழே இரண்டு அறைகள் அதனை வெளியே தள்ளுகின்றன. வலப்பக்க மேலறையின் ஒரு மூலையிலே பிறக்கும் மெல்லிய மின்விசை ஒழுங்காகப் பரவி, முதலில் மேலறைகளையும் பின்னர் கீழறைகளையும் சுருங்கச் செய்கின்றது. ஓய்வாக இருக்கும் ஒருவரின் இருதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை இவ்வாறு துடிக்கும். ஒழுங்கு கெட்டு மேலறைகள் நிமிடத்துக்கு 350 முதல் 600 முறை வரை வெறுமனே நடுங்கத் தொடங்குவதும் உண்டு. அப்போது கீழறைகள் எந்தக் கட்டளைக்குப் பணிவது என்று அறியாதனபோல் தாறுமாறாகத் துடிக்கின்றன. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே ஒத்த காலம் இராது. மேலறை நடுக்கம் எனப்படும் இந்நோயே, நெடிது நிலைத்து நிற்கும் தாளப் பிறழ்வுகளுள் உலகில் மிகப் பரவலாகக் காணப்படுவது.

நாடி பார்ப்பதில் தேர்ந்த சித்த வைத்தியர், அதன் நடையை அன்னத்தின் நடைக்கும் ஆமையின் ஊர்தலுக்கும் தவளையின் தத்தலுக்கும் ஒப்பிட்டுக் கூறினர். ஆதலின் நாடியின் ஒழுங்கும் ஒழுங்கின்மையும் தமிழ் மருத்துவத்துக்குப் புதியன அல்ல. இரத்த அழுத்தத்தின் நிலை வேறு. அதனை விரலால் எண்ணிவிட முடியாது. 1733ஆம் ஆண்டில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார், ஒரு குதிரையின் நாளத்திலே குழாயைச் செருகி இரத்தம் எவ்வளவு உயரம் எழுகின்றது என்று அளந்து அச்செய்தியை வெளியிட்டார். மனிதருக்கு ஏற்ற கைப்பட்டைக் கருவியை இத்தாலியரான ரிவா ரோச்சி 1896இல் அமைத்தார். அப்பட்டையின் கீழே கேட்கும் ஒலியைக் கொண்டு மேல் அளவையும் கீழ் அளவையும் பிரித்தறியும் முறையை ருஷ்ய வைத்தியரான கொரொட்கொவ் 1905இல் காட்டினார். மின்னலைகளால் இருதயத்தின் துடிப்பை வரைந்து காட்டும் கருவியை ஒல்லாந்தரான ஐந்தோவன் அமைத்ததும் அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆகும். இவ்வாறு ஒரு நோயை அளக்கும் கருவியும் மற்றொன்றை வரையும் கருவியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தன. மருந்துகளின் கதையோ அதற்கும் முன்பே, மலைநாட்டிலே தொடங்கிவிட்டது.

பேராதனைப் பூங்கா 1821ஆம் ஆண்டிலே தோன்றியது. அதன் தலைவராக 1849இல் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர் துவைற்ஸ் என்னும் தாவரவியல் அறிஞர். 1860ஆம் ஆண்டை ஒட்டி, தென் அமெரிக்காவின் அந்திஸ் மலைகளிலிருந்து சிங்கோனாக் கன்றுகளையும் விதைகளையும் திரட்டும் பணியைப் பிரித்தானிய அரசு மார்க்கம் என்பவரிடம் ஒப்படைத்தது. திரட்டியவற்றுள் ஒரு பகுதி நீலகிரிக்குச் சென்றது. உதகமண்டலத்திலே மக்கைவர் அவற்றைப் பேணி வளர்த்தார். மற்றொரு பகுதி இலங்கைக்கு வந்தது. பேராதனையின் வெப்பம் அம்மரத்துக்கு ஒவ்வாது. ஆதலின் நுவரெலியாவுக்கு அப்பால், ஏறத்தாழ 5,500 அடி உயரத்தில், ஹக்கலை என்னும் குளிர்ந்த மலைச்சாரலில் 1861இல் புதியதொரு பூங்கா அமைக்கப்பட்டது. இன்று மலர்களைக் காண மக்கள் திரளும் ஹக்கலைப் பூங்கா, தொடக்கத்திலே ஒரு மருந்துத் தோட்டமாகவே பிறந்தது என்பது மறக்கற்பாலது அன்று.

முதல் ஆண்டுகளில் துவைற்ஸின் கன்றுகளைத் தோட்டத் துரைமார் பொருட்படுத்தவில்லை. கோப்பி பொன்னாக விளைந்த காலத்தில் காய்ச்சல் மரத்தை யார் நடுவார்? கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரைத் தோட்டத்திலிருந்த ஜேம்ஸ் டெயிலர் போன்ற சிலரே அதனை முயன்று பார்த்தனர். 1867இல் 19 ஏக்கரிலே தேயிலை நட்டு இலங்கைத் தேயிலைக்கு வித்திட்டவரும் அவரே. 1869இல் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பூஞ்சணம் ஒன்று தோன்றியது. அது தோட்டம் தோட்டமாகப் பரவி, அடுத்த பதினைந்து ஆண்டுகளுள் கோப்பித் தொழிலை அழித்தது. கடன்பட்டு நின்ற துரைமார் அப்போதுதான் சிங்கோனாவை நினைத்தனர். கோப்பி பட்ட நிலங்களில் இலட்சக் கணக்கில் கன்றுகள் ஊன்றப்பட்டன. 1880களின் நடுவில் இலங்கையிலிருந்து ஓராண்டில் வெளியேறிய பட்டை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் ஆயிற்று.

அந்தப் பட்டை தானாக உரிந்து கப்பலேறவில்லை. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய இடங்களிலிருந்து புறப்பட்டு, கடல் கடந்து மன்னார்க் கரையிலே இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையையும் மாத்தளையையும் நோக்கி நடந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் அதனை உரித்தன. அவ்வழியிலே காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டு, பெயரும் எழுதப்படாமற் போனவர் பல்லாயிரவர். மலையை அடைந்தவர் கங்காணியின் கீழ் லயங்களில் வாழ்ந்து, நாற்று நட்டு, களை பிடுங்கி, மரத்தைச் சீவிப் பட்டையை வெயிலில் உலர்த்தினர். தம் கையால் சீவப்பட்ட செந்நிறப் பட்டை எந்த நாட்டில் எந்த நோயாளியின் வாய்க்குச் செல்கின்றது என்பதை அவர்கள் அறியார். அதனை விற்றவர்தாமும் அது காய்ச்சலுக்கு மருந்து என்பதற்கு மேல் யாதும் அறியார்.

ஆக்கம் எவ்வளவு விரைவில் வந்ததோ அவ்வளவு விரைவில் வீழ்ச்சியும் வந்தது. எல்லாத் தோட்டங்களின் பட்டையும் ஒருங்கே லண்டன் சந்தையில் குவிந்தமையால் விலை சரிந்தது. யாவாவில் ஒல்லாந்தர் வளர்த்த லெட்ஜர் இன மரம், இலங்கையின் செம்பட்டை மரத்தைவிடப் பன்மடங்கு கொயினா உடையதாக இருந்தது. அவ்வினத்தின் விதையை 1865இல் லெட்ஜர் என்னும் வணிகர் ஒல்லாந்தருக்கு விற்றிருந்தார்; காட்டிலே அதனைத் தேடிப் பொறுக்கித் தந்தவர் மமானி என்னும் பொலிவிய நாட்டுப் பழங்குடியினர். போட்டியைத் தாங்காத இலங்கைத் தோட்டங்கள் சிங்கோனாவை வேரோடு பிடுங்கித் தேயிலையை நட்டன. நூற்றாண்டு முடியுமுன்னே சிங்கோனா ஆட்சி முடிந்தது. பின்னர் 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகி நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல், கண்டி மாவட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் தலைவிரித்தாடி, 1935க்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அரை நூற்றாண்டுக்கு முன் உலகுக்கெல்லாம் பட்டை அனுப்பிய நாடு, அன்று கொயினா மருந்துக்குப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. அக்கொடிய நோய் இலங்கையை விட்டு நீங்கியது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் சான்று வழங்கியது.

பட்டை இருதயத்துக்கும் உதவும் என்னும் குறிப்பு மிகப் பழையது. பிரெஞ்சு வைத்தியரான செனாக், 1749இல் வெளியிட்ட இருதய நூலிலே, அடங்காத படபடப்புக்குச் சிங்கோனாப் பட்டை பயன்பட்டதைக் கூறியிருந்தார். ஆனால் அக்குறிப்பு நூலுக்குள்ளேயே உறங்கிற்று. அதனை எழுப்பியவர் வைத்தியர் அல்லர், ஒரு வணிகர். ஒல்லாந்த நாட்டவரான பேராசிரியர் வெங்கெபாக்கிடம் 1912இல் அவர் சென்றார். மேலறை நடுக்கம் விட்டுவிட்டு அவரைப் பற்றி வந்தது. இதற்கு மருந்தில்லை என்று பேராசிரியர் சொல்ல, தாம் விரும்பும்போது நாடியைச் சீராக்கிக் காட்டுவதாக வணிகர் கூறிச் சென்றார். மறுநாள் சீரான நாடியுடன் வந்து நின்றார். மலேரியா உள்ள நாடுகளில் வழங்கும் கொயினாவை ஒரு கிராம் உட்கொண்டால் சிறிது நேரத்தில் தம் இருதயம் ஒழுங்குபடுவதை அவர் தம் அநுபவத்தாலேயே கண்டிருந்தார். பேராசிரியர் அதனை இகழாது ஆராய்ந்து 1914இல் எழுதினார். நோயாளியின் சொல்லைச் செவிகொடுத்துக் கேட்டதனால் மருத்துவம் பெற்ற பேறுகளுள் இஃது ஒன்று.

நான்கு ஆண்டுகளின் பின், 1918இல், வால்டர் பிரை, பட்டையிலுள்ள பல சத்துக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கொயினாவின் உடன்பிறப்பாகிய குயினிடின் என்பதே இருதயத் தாளத்தைச் சீர்ப்படுத்துவதில் ஏனையவற்றை வென்றது. கண்டி மலையிலிருந்து கப்பலேறிய கோடிக்கணக்கான இறாத்தல் பட்டையோடு இந்தப் பொருளும் சேர்ந்தே சென்றிருந்தது. அதன் பயனை அறிந்தபோது மலையில் மரம் இல்லை. குயினிடின் பல்லாண்டுகள் உலகெங்கும் தாளப் பிறழ்வுக்குத் தலையாய மருந்தாக விளங்கியது. எனினும் அதற்கு நிழலும் இருந்தது. அதனை உட்கொண்டவருள் சிலர் திடீரென மயங்கி விழுந்தனர். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்ட 1990ஆம் ஆண்டு அறிக்கை, அது தாளத்தைக் காத்தபோதிலும், உட்கொண்டவரிடையே இறப்பு மிகுந்திருந்ததைக் காட்டியது. துடிப்பைத் திருத்துவதும் உயிரைக் காப்பதும் ஒன்றல்ல என்பதை அப்பட்டை கற்பித்தது. அவ்வாறாயின் தாளம் ஏன் தவறுகின்றது என்னும் வினா எழவேண்டும் அன்றோ? அதற்கு விடை தேடுமுன் வேரின் கதையைக் காண வேண்டும்.

சர்ப்பகந்தி என்று தமிழிலும் ஏகவேரிய என்று சிங்களத்திலும் வழங்கும் செடி, முழங்கால் உயரமே வளரும் சிறு செடி. வளைந்து செல்லும் அதன் வேரைப் பாம்புக் கடிக்கும் காய்ச்சலுக்கும் மனக் கலக்கத்துக்கும் நாட்டு வைத்தியர் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்தனர். பேராதனையில் துவைற்ஸுக்குப் பின் தலைவராக அமர்ந்த ஹென்றி திரிமன், 1893 முதல் வெளிவந்த தமது இலங்கைத் தாவர நூலிலே இதனையும் சேர்த்து எழுதினார். 1931ஆம் ஆண்டு இச்செடிக்குப் பொன்னாண்டு. அவ்வாண்டில் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் இவ்வேர் உன்மத்தத்தையும் உயர்ந்த இரத்த அழுத்தத்தையும் தணிப்பதை எழுதினர். டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி அதன் சத்துக்களைப் பிரித்தெடுத்து, யூனானி வைத்தியத்தின் பெருந்தலைவரான ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக ஒன்றுக்கு அஜ்மலீன் என்று பெயரிட்டார்.

அக்காலத்தில் மேனாட்டு வைத்தியருள் பலர், உயர்ந்த அழுத்தம் உடலுக்கு வேண்டியதே; அதனைக் குறைப்பது தீங்கு என்றுகூடக் கருதினர். குறைக்க விரும்பியவரிடமும் தக்க மருந்து இல்லை. அமெரிக்கத் தலைவர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் மூளையில் இரத்தம் கசிந்து வீழ்ந்தபோது, அவரது அழுத்தம் 300க்கு 190 ஆக இருந்தது என வைத்தியர் குறித்துள்ளார். உலகின் வல்லமை மிக்க நாட்டின் தலைவருக்கே அன்று கொடுக்கத் தக்க மருந்து இருக்கவில்லை. 1949இல் பம்பாயைச் சேர்ந்த ருஸ்தம் ஜல் வக்கீல், சர்ப்பகந்தி வேரை அழுத்த நோயாளருக்கு வழங்கிப் பெற்ற பயனைப் பிரித்தானிய இருதய மருத்துவ இதழில் வெளியிட்டார். மேலை உலகம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரெசெர்ப்பீன் பிரித்தெடுக்கப்பட்டது. சிலருக்குச் சோர்வையும் மனவாட்டத்தையும் தந்தமையால் பிற்காலத்தில் அதன் வழக்கு அருகிற்று. எனினும் அது செய்த பணி பெரிது. அமெரிக்காவில் முன்னாட் படைவீரர் 143 பேரிடம் நடத்தி 1967இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில் மூன்று மருந்துகள் ஒருங்கே தரப்பட்டன. அவற்றுள் ஒன்று ரெசெர்ப்பீன். மருந்து பெறாதவரிடையே கடுமையான விளைவுகள் 27 நேர்ந்தன. மருந்து பெற்றவரிடையே நேர்ந்தவை இரண்டே. அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் காக்கலாம் என்பது ஐயமற நிலைபெற்றது அன்றே.

இவ்விடத்தில் ஒரு வியப்பு உண்டு. சித்தீக்கி பிரித்தெடுத்த அஜ்மலீன், பிற்காலத்தில் இருதயத் தாளத்தை ஆளும் மருந்தாகவே பயன்பட்டது. பிறவியிலேயே அமைந்த சில தாளக் கோளாறுகளைக் கண்டறியும் சோதனைக்கு இன்றும் அது சில நாடுகளில் வழங்குகின்றது. ஒரே வேரிலே அழுத்தத்துக்கு ஒரு மருந்தும் தாளத்துக்கு ஒரு மருந்தும் அடங்கியிருந்தன. இயற்கை ஒன்றாகக் கட்டி வைத்ததை மனிதர் இரண்டாகப் பிரித்துக் கண்டனர். நோய்களையும் அவ்வாறே பிரித்துக் கண்டனர்.

இரண்டையும் இணைத்துக் காட்டியது செடியும் அன்று, மரமும் அன்று, பொறுமையான கணக்கெடுப்பே. அமெரிக்காவின் பிரேமிங்காம் என்னும் சிற்றூரில் 1948 முதல் ஆயிரக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் வைத்தியர் ஆண்டாண்டாகத் தொடர்ந்து சோதித்து வந்தனர். அக்கணக்கைக் கொண்டு 1994இல் வெளிவந்த அறிக்கை, உயர்ந்த இரத்த அழுத்தம் உள்ள ஆண்களுக்கு மேலறை நடுக்கம் நேரும் வாய்ப்பு ஒன்றரை மடங்கும், பெண்களுக்கு 1.4 மடங்கும் ஆகும் எனக் காட்டியது. ஒன்றரை மடங்கு என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அழுத்தம் உடையோரின் தொகை மிகப் பெரிது. ஆதலின் மேலறை நடுக்கத்துக்குக் காரணமாகக் கண்டவற்றுள் அழுத்தமே பெரும்பங்கு கொள்கின்றது.

அது நிகழும் முறையும் இன்று விளங்கியுள்ளது. நாளங்களில் அழுத்தம் மிகுந்தால், இரத்தத்தை அவற்றுள் தள்ளும் இடப்பக்கக் கீழறை மிகைப்பட உழைக்க வேண்டும். சுமை தூக்குபவனின் தோள் தடிப்பதுபோல் அதன் சுவரும் தடிக்கின்றது; தடித்த சுவர் விறைக்கின்றது. விறைத்த கீழறை எளிதில் விரிந்து இரத்தத்தை ஏற்காது. அதனால் மேலறையிலே இரத்தம் தேங்கி, அதன் மெல்லிய சுவர் இழுபட்டு விரிகின்றது. ஆண்டுக் கணக்கில் இழுபட்ட சுவரினுள் நார்த்திசு படர்கின்றது. தடையற்ற வயலில் நேரே பாயும் நீர், வரப்பும் மேடும் தோன்றியபின் சுழித்துப் பலவழி ஓடுவதுபோல, ஒழுங்காகப் பரவ வேண்டிய மின்விசை அங்கே சுழன்று திரிகின்றது. அதுவே நடுக்கம். எனவே அழுத்தம் முதலில் சுவரைக் கெடுத்து, பின்னரே தாளத்தைக் கெடுக்கின்றது. குயினிடின் தாளத்தைத் திருத்திற்று, சுவரைத் திருத்தவில்லை. பட்டை தனித்து நின்று முழு வெற்றி பெறாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கி உறைவதும் உண்டு. அவ்வுறைவின் துணுக்கொன்று மூளைக்குச் சென்று நாளத்தை அடைத்தால் பக்கவாதம் நேர்கின்றது. மேலறை நடுக்கம் உள்ளவருக்குப் பக்கவாத வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்பதும் பிரேமிங்காம் தந்த பாடமே. அழுத்தம் தானாகவே பக்கவாதத்தைத் தரவல்லது. தாளப் பிறழ்வும் அதனையே தருகின்றது. இரண்டும் ஒருவரிடம் கூடினால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆறுதல் தரும் செய்தியும் உண்டு. அழுத்தத்தை நன்கு கட்டுப்படுத்தியவரிடையே மேலறை நடுக்கம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது என 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. இரத்தம் உறையாமற் காக்கும் மருந்துகளும் இன்று பல உள்ளன.

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் இரண்டாவது மருத்துவ பீடம் 1962இல் தோன்றி, பேராதனையிலே வளர்ந்தது. துவைற்ஸ் சிங்கோனாக் கன்றுகளைக் காத்த பூங்காவும், இருதய நோய் பற்றி மாணவர் பயிலும் மண்டபங்களும் இன்று ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் மலைநாட்டு மக்களுக்கு இன்று முதலில் வேண்டுவது புது மருந்து அன்று. அளவு பார்க்கும் பழக்கமே. அழுத்தம் வலியைத் தருவதில்லை. தலைசுற்றலையும் எப்போதும் தருவதில்லை. கருவாடும் ஊறுகாயும் உப்பும் மிகுந்த உணவுக்குப் பழகியவர், புகைப்பவர், குடிப்பவர், குடும்பத்தில் இந்நோய் உடையவர் ஆகியோர் தமக்கு நோய் இல்லை என்று எண்ணிப் பல்லாண்டு கழிக்கின்றனர். கைப்பட்டையால் அளக்கும் அந்தச் சில நிமிடங்களில், மணிக்கட்டிலே விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியையும் பார்த்தல் நன்று. தாளம் தவறியிருப்பின் தானியங்கிக் கருவி காட்டும் ஒற்றை அளவை நம்பிவிடாது, பலமுறை அளந்து பார்க்க வேண்டும்; மின்னலைப் படமும் எடுக்க வேண்டும். வேரை இடித்துத் தாமே உண்பதும், வைத்தியர் தந்த மருந்தைச் சுகம் கண்டவுடன் தாமே நிறுத்துவதும் ஒருபோலத் தீங்கு தருவன.

மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தோர் உரித்த பட்டை, உலகில் எத்தனையோ இருதயங்களை ஆற்றுப்படுத்திய மருந்துக் குலத்தைச் சேர்ந்தது. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அதே மலைகளில் கூடை சுமந்து ஏறியிறங்குகின்றனர். தோட்டத்து மருந்தகத்திலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் அவர்தம் அழுத்தமும் நாடியும் காலந்தோறும் அளக்கப்படுமாயின், அம்மலை அவர்களுக்குப் பட்ட கடனில் ஒரு சிறு பங்காவது தீர்ந்ததாகும்.